ஆறுமுகம் வேண்டாம், ஹாவியேர்னு வையி

எய்யா குமாரு,

போன்ல பேச ஆரம்பிச்சா பாதியில உங்கம்மா புடுங்கிடுதா, அதான் ஒத்த விரல்ல டைப் பண்ணி அனுப்புதேன், உனக்கு அங்க ராத்திரி பத்து ஆயிருக்கும், இங்க காலையில ஒன்பதரை, காபி குடிச்சாச்சு. மெக்சிகோவுல பொறக்கப் போற பேரனுக்குன்னு நீ வாட்ஸ்அப்ல அனுப்புன பேரு லிஸ்ட்ட மூணு நாளா பாத்துக்கிட்டு இருக்கேன். மொத நாளு உங்கம்மா "என்னங்க இது, ஒரு பேரு கூட வாயில நுழையல"ன்னு மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருந்தா. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சேன். மிகேல், சந்தியாகோ, செபாஸ்தியான், இக்னாசியோ, அந்தோனியோ, லாசரோ. ஏலே, இது மெக்சிகோ லிஸ்ட்டா, இல்ல தூத்துக்குடி ரிஜிஸ்தரா?

நெசமாத்தான் சொல்லுதேன். தூத்துக்குடியில பிறப்பு இறப்பு செக்ஷன்ல இருந்தப்போ கடற்கரைப் பக்கத்துல இருந்து வார ஆளுகளுக்கு நான் எழுதுன பேரு பூரா இதுதான். மிக்கேல், சந்தியாகு, செபஸ்தியான், இன்னாசி, அந்தோணி, லாசர். பின்னால ஒரு பர்னாந்து. போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல வந்து விட்டுட்டுப் போன பேரு, அவன் பக்கத்து வீட்டு ஸ்பெயின்காரன் அதே பேருகளத்தான் மெக்சிகோவுக்குக் கொண்டு போயிருக்கான். உங்கம்மாகிட்ட இத சொன்னேன், "அப்போ சந்தியாகோங்கிறது நம்ம சந்தியாகு அண்ணாச்சி பேரா, வலைக்கடை வச்சிருந்தாரே?"ன்னா. அவரே தான்னேன். அன்னைக்குத்தான் அவ நல்லா சாப்புட்டா.

இப்போ விஷயத்துக்கு வாரேன். நான் மனசுக்குள்ள என்ன நெனச்சிருந்தேன்னா, பேரனுக்கு எங்க அய்யா பேரத்தான் வைப்பீங்கன்னு. பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்தான, தாத்தா பேரைத் தாங்குறவன். உனக்கு உங்க அம்மாவ பெத்த தாத்தா பேரு வந்துச்சு, அதனால அடுத்து ஆறுமுகம்தான்னு நானா ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தேன், வாயத் தொறந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீ ஸ்பானிஷ் பேருதான் வைக்கப் போறோம்னு சொன்ன அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வாக்கிங் கூட போகல.

அப்புறம் மருமவ வீடியோ கால்ல ஒரு பேப்பர்ல எழுதிக் காமிச்சா பாரு, நீ கூட பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னியே, அங்க பிள்ளைக்கு ரெண்டு வீட்டுப் பேரு வரும், மொதல்ல அப்பன் வழி, அடுத்து அம்மா வழி, கல்யாணம் ஆனாலும் பொம்பளப் பிள்ளைங்க அவங்க அப்பா வீட்டுப் பேர விடுறதில்லன்னு. நாவல் எழுதுன கார்சியா மார்க்கேஸ் கூட அவரு கொலம்பியாக்காரரு, ஆனா கணக்கு அதேதான், கார்சியா அப்பா வழி, மார்க்கேஸ் அம்மா வழி. அந்தப் பேப்பர்ல அவ எழுதுனா, பேருக்கு ஒரு கோடு போட்டு காலியா விட்டு, பக்கத்துல கதிரேசன் கார்சியான்னு. கதிரேசனா, அது என் பேருல்லா!

அது எப்படி அங்க போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். உன் பாஸ்போர்ட்டுக்கு ஃபார்ம் போட பிரவுசிங் சென்டர் போனோம்லா, அந்தப் பையன் சர்நேம் கட்டத்துல வந்து நின்னுக்கிட்டான். எங்களுக்கு அதெல்லாம் இல்லப்பா, இன்ஷியல்தான்னேன். "கேயை விரிச்சுப் போடுங்க சார், அடுத்த கஸ்டமர் நிக்காரு"ன்னான். விரிச்சுப் போட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு. நம்ம ஊருக் கணக்குப்படி நான் உனக்கு மட்டும்தான் இன்ஷியல், உன் பிள்ளைக்கு உன் பேருதான் இன்ஷியலா வரும், நான் ஒரு தலைமுறையோட கழண்டுக்கிடணும். இப்ப பாத்தா குவாதலஹாராவுல பொறக்கப் போற பயலுக்கு நான் வீட்டுப் பேரு. அவன் பிள்ளைக்கும் நான்தான். எங்கயோ இருக்குற ஸ்கூல்ல டீச்சர் "கதிரேசன்"னு அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க, ஒரு மெக்சிகோக்காரப் பய "பிரசென்தே"ம்பான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இத நெனச்சு சிரிச்சுக்கிட்டே கிடந்தேன், உங்கம்மா லைட்டப் போட்டுட்டா.

சரி, வீட்டுப் பேரா நான் வந்துட்டேன், முன்னால ஆறுமுகத்த வச்சிரலாம்னு பேராசைப்பட்டேன். அதுக்கு மருமவ சொன்ன விஷயத்த இங்க கிளப்ல ஓய்வூதியர் பூராப் பேர்கிட்டயும் சொல்லிட்டேன். அங்க ஆளுக்கு ஒரு பதினெட்டு எழுத்து நம்பர் குடுக்காங்களாம், கூர்ப்னு பேரு, நம்ம ஆதார் மாதிரி. ஆனா நம்பரு சும்மா வர்றதில்ல, பேருல இருந்தே உருவுறது. அப்பா வழிப் பேருல மொத எழுத்து, அதுக்கு அடுத்து வார மொத உயிரெழுத்து, அம்மா வழிப் பேருல ஒரு எழுத்து, பிள்ளை பேருல ஒரு எழுத்து, அப்புறம் பொறந்த தேதி, ஆணா பொண்ணா, எந்த மாநிலம்னு போகுது. கதிரேசன்ல கே, ஏ. கார்சியாவுல ஜி. ஆறுமுகத்துல ஏ. சேத்துப் படிச்சா காகா. நமக்கு காக்கா கத்துற மாதிரி இருக்கு, ஸ்பானிஷ்ல அதுக்கு அர்த்தம் "ஆய் போறான்". இந்த மாதிரி அசிங்கமா வார எழுத்துகளுக்கு சர்க்காரே ஒரு லிஸ்ட் வச்சிருக்காம், அதுல விழுந்தா ரெண்டாவது எழுத்த எடுத்துட்டு எக்ஸ் போட்டுருவாங்களாம். ஆனா எக்ஸ் போட்டிருக்குன்னாலே என்ன இருந்திருக்கும்னு எல்லாப் பயலுக்கும் தெரிஞ்சிருமே! எங்க அய்யா பேருக்கு இந்தக் கதி வேண்டாம். அதே கணக்குல அந்திரேஸ், அலெஹாந்த்ரோ, ஆங்கெல், அந்தோனியோ எல்லாம் அடிச்சிரு. ஓவுல ஆரம்பிக்கிற ஓஸ்கரும் வேண்டாம், அது அத விட மோசம்ன்னா.

மிச்சத்துல என் அபிப்ராயம் கேட்டியே. மத்தேயோ, சந்தியாகோ ரெண்டும் நல்ல பேருதான், ஆனா இப்ப அங்க தடுக்கி விழுந்தா அந்தப் பேருதான், அமெரிக்காவுலயே 2023ல ஆம்பளப் பிள்ளை பேருல மத்தேயோ ஆறாவது இடம். கிளாஸ்ல நாலு பேரு இருப்பான், நம்ம பய மூணாவது மத்தேயோவா நிப்பான். இக்னாசியோ எனக்குப் பிடிச்சிச்சு, இன்னாசிதான. ஆனா செல்லமாக் கூப்புடுறப்போ நாச்சோன்னு ஆயிருமாம், நீ சினிமா தியேட்டர்ல வாங்கித் தந்தியே அந்த சிப்ஸ், அத மொதல்ல போட்டவரு பேரே இக்னாசியோதானாம், பியத்ராஸ் நெக்ராஸ்னு பார்டர் ஊரு. பேரனத் திங்குற சாமான் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டேன்னுட்டா உங்கம்மா. ஹேசுஸ்ங்கிறது இயேசு பேரு, அங்க சர்வ சாதாரணமா வைக்காங்க, சூய்னு கூப்புடுறாங்க, இங்க சூய்னா கோழி வெரட்டுற மாதிரி இருக்கும். மருமவளோட தாத்தா பேரு குவாதலூப்பே, அத அவங்க வீட்டுல விரும்புதாங்கன்னு தெரியும். மாதா பேர எப்படி ஆம்பளைக்குன்னு உங்கம்மா கேட்டா, மெக்சிகோவோட மொத ஜனாதிபதியே குவாதலூப்பே விக்டோரியாதான், 1824ல வந்தவரு, அதுவும் அவரு தானா மாத்தி வச்சுக்கிட்ட பேருன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டாவது பேரா வச்சா அவங்களுக்கும் சந்தோஷம். அடிபட்டுப் போன அந்தோனியோவுக்கு தோஞோன்னு செல்லப் பேராமே, நம்ம ஞ அவங்ககிட்டயும் இருக்குங்கிறது எனக்கு ரொம்ப திருப்தி.

என் ஓட்டு ஹாவியேருக்குத்தான். நீ அத லிஸ்ட்டுல கடைசியில போட்டிருந்த. அது வேற யாரும் இல்ல, நம்ம சவேரியாரு. ஸ்பெயின்ல நவார்ரா பக்கம் ஹாவியேர்ங்கிற கோட்டையில பொறந்த மனுசன் 1542ல முத்துக்குளித்துறைக்கு வந்து இந்தக் கடற்கரையில நடையா நடந்திருக்காரு. நாம முருகனக் கும்பிடுத குடும்பம்தான், இல்லங்கல, ஆனா நான் படிச்சது பாளையங்கோட்டை சேவியர் காலேஜ், சின்ன வயசுல எங்க அய்யா என்னத் தோள்ல வச்சு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு, மொளகா பஜ்ஜி வாங்கித் தந்தது ஞாபகம் இருக்கு. ஆறுமுகம் தோள்ல உக்காந்து பாத்த சவேரியாரு, கேட்டியா. அந்தத் திருவிழா முடியுறது டிசம்பர் 3. டாக்டரு உங்களுக்குக் குடுத்திருக்குற தேதி டிசம்பர் மொத வாரம். அங்கயும் காலண்டர்ல அன்னைக்கு எந்தப் புனிதரோ அந்தப் பேர வைக்குற பழக்கம் உண்டுல்லா. ரெண்டு வாரம் முந்தி பொறந்தா மட்டும் காலண்டரப் பாக்காதீங்க, நவம்பர் 20 புரட்சி நாள்னு சுருக்கி எழுதியிருக்கத அப்படியே அனிவ்தெலரெவ்னு பேரா வச்ச ஆளுக உண்டுன்னு மருமவ சொல்லிச் சிரிச்சா. அவங்க நாட்டுல சொனோரா மாநிலத்துல 2014ல ராம்போ, ரோபோகாப், ஃபேஸ்புக்னு 61 பேரத் தடையே பண்ணிருக்காங்க, அந்த ஆபீஸ் கிளார்க்க நெனச்சா எனக்குக் கண்ணு கலங்குது.

ஹாவியேர்ங்கிறதுக்கு பாஸ்க் பாஷையில புது வீடுன்னு அர்த்தமாம். நம்ம தெருவுல புதுவீட்டுக்காரங்கன்னு ஒரு குடும்பத்தச் சொல்லுவோமே, அவங்க வீடு கட்டி எண்பது வருஷம் ஆச்சு, இன்னும் புதுவீடுதான். ஹாவியேர் குவாதலூப்பே கதிரேசன் கார்சியா. ஹாவியேர எழுதுறது ஜேயிலதான, கூர்ப்லயும் கே, ஏ, ஜி, ஜேன்னு யோக்கியமா வருது, போட்டுப் பாத்துட்டேன்.

முடிவு நீங்க ரெண்டு பேரும் எடுக்குறதுதான். ஆனா பதியப் போறப்போ ஒண்ணு மட்டும் கேளு. பிரிண்ட் எடுக்குறதுக்கு முன்னால வாசிச்சுப் பாக்கச் சொல்லிக் குடுப்பாங்க, அவசரப்பட்டு கையெழுத்துப் போட்டுறாத. ஸ்பானிஷ்ல ஹெச்சுக்கு சத்தம் கிடையாது, அதனால கதிரேசன்ல டிக்குப் பக்கத்துல இருக்குற ஹெச்ச ஈஸியா முழுங்கிருவான். உன் பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் பாரு. ஒரு எழுத்துக்காக ஆறு மாசம் நடந்த ஆளுகள நான் கவுண்டர்ல இருந்து பாத்திருக்கேன், அவங்கள நடக்க விட்டதுல எனக்கும் பங்கு இருக்கு.

உங்கம்மா நேத்துல இருந்து ஹாவி ஹாவின்னு கூப்புட்டுப் பழகிக்கிட்டு இருக்கா. பக்கத்து வீட்டு நாயி ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு.

அப்பா