தீக்குச்சியில் இருந்த உயிர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் நூல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாயமந்திரக் கதையும் வேற்றுலகக் கதையும் பிள்ளைகளை நிஜத்திலிருந்து பிரித்துக் கூட்டிப்போய்விடும், 10 வயதுக்குள் அவற்றைக் கையில் கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மற்றபடி கட்டுரையாளர் சொன்ன பலவும் எனக்குச் சம்மதம்தான். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை, ஏனென்றால் கடந்த இரண்டு மாதமாக என் அக்கா மகளுக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் வாசித்துச் சொன்னது அப்படி ஒரு புத்தகத்தைத்தான். அவளுக்கு 9 வயது. ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டே போவேன்.

இங்கிலாந்து எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1977-ல் எழுதிய 'சார்ம்ட் லைஃப்' நாவல் அது. அடுத்த வருடம் கார்டியன் சிறுவர் நாவல் பரிசு வாங்கியது. 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், அதன் மூலக்கதையும் இவருடையதுதான்.

கதை இதுதான், நடப்பது மந்திரம் சாதாரணமாகப் புழங்கும் வேறொரு உலகத்தில். அப்பா அம்மாவைப் படகு விபத்தில் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகள், அக்கா குவெண்டலின், தம்பி எரிக். தம்பியை எல்லோரும் கூப்பிடுவது 'கேட்', அதாவது பூனை. தமிழில் கேட் என்றதும் வாசல் கேட்தான் ஞாபகம் வருகிறது என்பதால் நானும் அவளும் அவனைப் பூனை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அக்காவுக்கு மந்திரம் நன்றாக வரும், பூனைக்கு ஒன்றுமே வராது, அல்லது வராது என்று அவன் நம்புகிறான். உலகத்தில் அவனுக்கு மிச்சமிருப்பது அந்த அக்கா ஒருத்திதான், அவளையே பிடித்துக்கொண்டு திரிகிறான். கிரெஸ்டோமான்ஸி என்பவர் வந்து இருவரையும் தன் கோட்டைக்கு அழைத்துப் போகிறார். கிரெஸ்டோமான்ஸி என்பது ஒரு பதவியின் பெயர், மந்திரத்தை யாரும் தவறாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்கிற அரசாங்க உத்தியோகம். மனுஷர் பகட்டான டிரெஸ்ஸிங் கவுன்களாகப் போட்டுக்கொண்டு எங்கோ பார்ப்பது போல முகத்தை வைத்திருப்பார், அப்படி இருக்கும்போதுதான் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கோட்டையில் யாரும் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற ஆத்திரத்தில் குவெண்டலின் செய்யாத அட்டகாசம் இல்லை. சர்ச்சில் கண்ணாடி ஜன்னலில் வரைந்திருக்கும் புனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டைபோட ஆரம்பிக்கும் இடத்தில் என் அக்கா மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து அவள் அப்பா எழுந்து வந்துவிட்டார். கடைசியில் குவெண்டலினிடமிருந்து மந்திரத்தைப் பறித்துவிடுகிறார்கள். அவள் ஒரே ராத்திரியில் வேறொரு உலகத்துக்குத் தாவிவிடுகிறாள், அவள் இடத்தில் நம் உலகத்திலிருந்து அதே முகத்தோடு ஜேனட் என்ற பெண் வந்து படுக்கையில் கண் விழிக்கிறாள்.

இந்த உலகங்கள் எப்படி உண்டாகின்றன என்பதற்கு ஜோன்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வரலாற்றில் இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்கிற பெரிய சம்பவம் ஒன்று வரும்போது உலகம் இரண்டாகப் பிரிந்துவிடும், இரண்டும் அதனதன் வழியில் ஓடும். இந்த வரிசையில் பின்னால் வந்த நாவல்களில் இது இன்னும் விரிகிறது, உலகங்கள் 12 தொகுதிகள், தொகுதிக்குப் பொதுவாக 9 உலகங்கள். ஆக ஒவ்வொருவருக்கும் மற்ற உலகங்களில் ஒரு நகல் உண்டு. அபூர்வமாக ஒருவருக்கு எங்கேயுமே நகல் பிறக்காமல் போனால், அந்த உயிர்கள் எல்லாம் இவர் ஒருவரிடமே சேர்ந்துவிடும். 9 உயிர், அதற்கேற்ற மந்திர சக்தி. பூனை அப்படிப் பிறந்தவன், அது அவனுக்கே தெரியாது. பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலத்தில் சொல்வழக்கு, அதை நான் முதலில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன், சொன்னால் மர்மம் உடைந்துவிடுமே என்று.

இப்போது தீக்குச்சிக்கு வருகிறேன். குவெண்டலின் விட்டுப்போன சாமான்களில் ஒரு தீக்குச்சி அட்டை இருக்கிறது. நம் ஊர்த் தீப்பெட்டி மாதிரி இல்லை, மடித்த அட்டைக்குள் காகிதக் குச்சிகள் வரிசையாக ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றாகக் கிழித்து உரச வேண்டும். சில குச்சிகள் ஏற்கெனவே எரிந்து போயிருக்கின்றன. ஜேனட் என்ன ஏது என்று தெரியாமல் ஒன்றை உரசுகிறாள். பக்கத்தில் நிற்கும் பூனையின் உடம்பு குப்பென்று தீப்பற்றிக்கொள்கிறது.

அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அவள் போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டு, "சித்தி, அந்தக் குச்சிதான் அவன் உயிரா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள், "ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள மந்திரவாதி உயிர் இருக்குமே, அது மாதிரி." எனக்குச் சிலிர்த்துவிட்டது. கிளிக் கதையை நான் அவளுக்குச் சொல்லி நாலு வருடம் இருக்கும். அதில் மந்திரவாதி தன் உயிரை யாரும் தொட முடியாத இடத்தில் ஒளித்துவைப்பான், அவன் கெட்டவன், கிளியின் கழுத்தைத் திருகினால் நமக்குச் சந்தோஷம். இங்கே ஒளித்துவைத்திருப்பது ஒரு சின்னப் பையனின் உயிர்களை. வைத்தவள் சொந்த அக்கா, பத்திரப்படுத்துவதற்காக அல்ல, வேண்டும்போது உரசிக்கொள்வதற்காக. அவளுடைய மந்திரத்தில் பெரும்பகுதி தம்பியிடமிருந்து எடுத்தது. தனக்கு ஒன்றும் வராது என்று அவன் நினைத்ததற்குக் காரணமே அதுதான்.

இதைக் கட்டுரையாளர் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மை நேசிக்க வேண்டியவர்களே நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கலாம் என்பதை 9 வயதுப் பிள்ளையிடம் நேராக எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்து வழியே இல்லை. நானும் தங்கையாகப் பிறந்தவள், என் அக்கா எனக்குத் தாய் மாதிரி, எனக்கே அந்தப் பக்கங்களில் தொண்டை அடைத்தது. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே அவள், "அக்காவை விட்டுட்டா அவன் அப்புறம் யாரைப் பிடிச்சுக்குவான்?" என்று கேட்டாள். நிஜத்தைவிட்டு ஓடிப்போன பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

ஜோன்ஸின் இளமைக் காலத்தைப் படித்த பிறகு இந்த நாவல் எனக்கு இன்னும் கனத்துவிட்டது. எஸெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற ஊரில் வளர்ந்தவர், மூன்று பெண்களில் மூத்தவர். பெற்றோர் தாங்கள் நடத்திய கல்வி மையத்தோடு மூழ்கிவிட, பிள்ளைகள் குளிரில் ஒரு புறக்கொட்டகையில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஆர்தர் ரான்சம் எழுதிய சிறுவர் நூல்களை முழு வரிசையாக வாங்கிப் பூட்டிவைத்து, வருடத்துக்கு ஒன்று வீதம் கிறிஸ்துமஸுக்கு, அதுவும் மூவருக்கும் சேர்த்து ஒன்று என்று கொடுத்தாராம். படிக்கப் புத்தகம் இல்லாமல் இவரே நோட்டுகளில் கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்படித் தங்கைகளைச் சுமந்த ஒரு மூத்த பெண்தான் பின்னால் தம்பியின் உயிரை உரசித் தீர்க்கும் ஒரு அக்காவை எழுதினார். கவனிக்காத வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவரின் கை அது. கோட்டையில் இருக்கும் பெரியவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களும் பூனையை உட்காரவைத்து விஷயத்தை நேரடியாகப் பேசுவதில்லை, அதனால் அவன் படும் அவஸ்தை கொஞ்சமல்ல.

வேற்றுலகம் என்றாலே தப்பித்து ஓடுகிற இடம் என்று கட்டுரையில் இருந்தது. இந்த நாவலில் அப்படித் தப்பித்து ஓடுகிறவள் குவெண்டலின் ஒருத்திதான், அவள் போகிற உலகத்தில் அவள் மகாராணி. ஜேனட்டைப் பாருங்கள். கேட்காமலே இழுத்துப் போடப்பட்டவள். கடைசியில் தன் வீட்டைப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கிறது, தனக்குப் பதிலாக அங்கே போன இன்னொரு நகல் பெண் தன் அப்பா அம்மாவோடு சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கிறாள், திரும்பிப் போனால் அந்தப் பெண்ணைப் பிடுங்கி எறிவதாகிவிடும் என்று இங்கேயே இருந்துவிடுகிறாள். ஜோன்ஸ் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு அதை ஒரே மூச்சில் தமிழில் சொல்ல வரவில்லை, இரண்டு முறை நிறுத்தினேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் நூல் பக்கத்தில் இந்த மாதிரி நாவல்களுக்கும் இடம் கொடுங்கள், வயது வரம்பு போடுவதற்கு முன்னால் வீட்டில் யாராவது கூடவே உட்கார்ந்து வாசிக்கலாம் என்ற வழியையும் எழுதுங்கள்.

நாங்கள் அடுத்து எடுத்திருப்பது 1988-ல் வந்த 'த லைவ்ஸ் ஆஃப் கிறிஸ்டோபர் சாண்ட்', இதே கிரெஸ்டோமான்ஸி சிறுவனாக இருந்தபோது நடந்த கதை. அதில் பிள்ளையை ஏமாற்றிப் பயன்படுத்திக்கொள்வது அவன் உயிராக நினைக்கும் தாய்மாமா. இந்தச் சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி