அலுவலகம் திரும்பிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாட்டுக்கு மாறிய பிறகு, ஐந்து நாளும் போய்வந்த காலத்தைவிட அதிகமாகக் களைத்துப்போவதாக எழுதியிருந்தாய். அதற்குச் சோம்பல் என்று நீயே பெயர் வைத்துக்கொண்டதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2023 மே 5 அன்றுதான் உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. படுக்கைக்கும் மேசைக்கும் இடையே உள்ள தூரத்தையே அத்தனை காலம் பயணமாகக் கொண்டிருந்த உடம்பு, பழைய நடைக்கு உடனே திரும்ப மறுப்பதில் வியப்பில்லை. பயணத்தை யாரும் என்றைக்கும் விரும்பியதுமில்லை. வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொல்லி உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்விலும், வேலைக்குப் போய்வரும் பயணமே மகிழ்ச்சி மிகக் குறைந்த பொழுதாகப் பதிவானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வாழ்க்கை இல்லாததால் நாங்களெல்லாம் பொறுத்துக்கொண்டோம். நீ அந்த வேறொன்றைப் பார்த்துவிட்டாய்.

ஆனால் உன் களைப்புக்குப் பயணத்தைவிட, நாளுக்கு நாள் மாறும் உன் விழிப்பு நேரமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். உடலின் உள்கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. வீட்டு நாளில் கூட்டம் தொடங்கும் நேரத்துக்குக் கண் விழித்து, திரைச்சீலையைக்கூட விலக்காமல் மடிக்கணினியைத் திறந்துவிட்டு, மறுநாள் இருட்டோடு எழுந்து ஓடினால், நீண்ட விமானப் பயணம் செய்தவருக்கு வரும் அசதி உனக்கு ஊரைத் தாண்டாமலே வந்துவிடும். ஆகவே வீட்டு நாளிலும் அலுவலக நாளின் நேரத்துக்கே எழுந்துகொள். பயணத்தில் போகாமல் மிஞ்சும் நேரத்தில் சிறிது வெளியே நடந்துவிட்டு வா. அடையாள அட்டையையும் சார்ஜரையும் முந்தைய இரவே பைக்குள் வைத்துவிடு; காலையில் அவற்றைத் தேடி நீ படும் பாட்டை நான் அறிவேன்.

அலுவலக நாளில் வேலையே ஓடவில்லை என்ற உன் குறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடுத்த தளத்தில் இருப்பவரோடு காணொளிக் கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பினால் யாருக்குத்தான் அலுப்பு வராது? தனியாக உட்கார்ந்து முடிக்க வேண்டிய அறிக்கையை வீட்டு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, நேரில் பேசினால் பத்து நிமிடத்தில் தீரக்கூடியவற்றையும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையும் அலுவலக நாளுக்கு வைத்துக்கொள். அன்று எத்தனை மின்னஞ்சலுக்குப் பதில் போனது என்று கணக்குப் பார்க்காதே. அது அந்த நாளுக்குரிய கணக்கு அல்ல.

இதற்கு உன் குழுவினரும் அதே நாட்களில் வந்தாக வேண்டும். சீன நிறுவனம் ஒன்றில் 1,612 ஊழியர்களை வைத்து பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் மதிப்பீடு குறையவில்லை. வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அங்கே வீட்டு நாட்கள் புதன், வெள்ளி என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்ததால், மற்ற நாட்களில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அவரவர் வசதிக்கு நாளைத் தேர்ந்துகொள்ளும் உங்கள் முறை சுதந்திரமாகத் தோன்றினாலும், காலி நாற்காலிகளைப் பார்க்கத்தான் உன்னை அத்தனை தூரம் வரவழைக்கிறது. இதை உன் மேலாளரிடம் எடுத்துச் சொல். குறைபோலச் சொல்லாமல் யோசனையாகச் சொன்னால் கேட்பார்கள்.

எந்த நாட்கள் பொது நாட்களாக முடிவாயின என்று எழுது. அந்த நாட்களில் நீ வீடு சேரும் முன்பே தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்யாதபடி உன் அம்மாவிடம் நான் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா