எஸ்டிமேட் விஷயமாக

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்ற வரியைத் தேடிப் படித்த பிறகுதான் மீதியை நிதானமாகப் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரிக்கு மூட்டுவலிதான் விடமாட்டேன் என்கிறது.

புது வீடு கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது, மேஸ்திரி குறைத்து மதிப்பிட்டு ஏமாற்றிவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். குறைத்து மதிப்பிட்டான், சரி. ஏமாற்றினான் என்று எப்படிச் சொல்வாய்? மாடிப்படி எந்தப் பக்கம் என்றே நீ முடிவு செய்யாதபோது அவனிடம் தொகை கேட்டாய். அவன் என்ன செய்வான்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பரா ஹவுஸ் என்ற இசை, நாடக அரங்கத்தின் கதையும் இதுதான். டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வரைந்த வடிவம் 1957இல் போட்டியில் வென்றது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963 ஜனவரிக்குள் முடியும் என்றார்கள். திறப்புவிழா நடந்தது 1973 அக்டோபரில்; செலவு 10 கோடியே 20 லட்சம். கணக்குத் தெரியாதவர்களா? உலகத்தின் தேர்ந்த பொறியாளர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் சிப்பி மாதிரி வளைந்த அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாத நிலையிலேயே, 1959இல் வேலையை ஆரம்பித்தார்கள். மாநில முதல்வர் ஜோசப் கேஹிலுக்கு அவசரம்: தாமதித்தால் ஆட்சியும் ஜனங்களும் மனம் மாறிவிடலாம். கூரையின் பாரம் தெரியவந்தபோது, ஏற்கெனவே போட்ட தூண்கள் தாங்காது என்று ஆகி, அவற்றை மறுபடி கட்டினார்கள். எல்லாக் கூரை வளைவுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்ததுபோல் அமைக்கலாம் என்ற வழி 1961இல்தான் பிறந்தது. அரசோடு பிணங்கி உட்சன் 1966இல் விலகினார். முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உண்மைத் தொகையை முதலிலேயே சொல்லியிருந்தால் அதைக் கட்டியே இருக்கமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. பணத்தில் பெரும்பங்கு லாட்டரிச் சீட்டு விற்று வந்ததாம். உனக்கு அந்த வழியும் இல்லை, நம்மூரில் 2003லேயே லாட்டரிக்குத் தடை!

உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தக் கோளாறைப் பற்றி எழுதினார்கள். தன் வேலையை உள்ளிருந்து பார்க்கிறவன் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றே கணக்குப் போடுவான். அதே மாதிரி வேலைகள் வெளியே எப்படி முடிந்தன என்று பார்க்கமாட்டான். ஆகவே மேஸ்திரியோடு சண்டை வேண்டாம். உன் தெருவில் போன வருஷம் வீடு கட்டியவர்களிடம் போ. 'சதுரஅடிக்கு எவ்வளவு பேசினீர்கள்' என்று மட்டும் கேட்காதே, 'கடைசியில் எவ்வளவு ஆச்சு' என்றும் கேள். அந்த விகிதத்தை உன் பாக்கி வேலைக்குப் போட்டுப் பார். பிறகு பேங்குக்குப் போகலாம்.

கிரானைட்டை இப்போதைக்கு விட்டுவிடு. செப்டிக் டேங்க்கும் ஒயரிங்கும் இந்த எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் உடனே எழுது.

உன்,
கோபாலன்