அட்டையை வெட்டுவதற்கு முன்: மருந்துக்கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். சளி, இருமல், வீசிங் எதுவானாலும் டாக்டரிடம் போவதற்கு முன் நாங்கள் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அட்டையை வெட்டுவதற்கு முன், “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

இருமல் டானிக்கையே எடுத்துக்கொள்வோம். பலவற்றில் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ கலந்திருக்கிறது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அதே மருந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும், கை நடுங்கும். வாங்க வந்தவர் ஏற்கெனவே சால்பியூட்டமால் இன்ஹேலர் இழுப்பவராக இருந்தால்? தைராய்டு மாத்திரை அளவுக்கு மீறிப்போய் ஏற்கெனவே துடிப்பு கூடியிருப்பவராக இருந்தால்? பாட்டிலைப் பார்த்து அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது தியோஃபிலின். வீசிங்குக்காகப் பல வருடமாக அதைச் சாப்பிடும் பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய. குணம் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் வயிற்றுப்போக்கு என்று வரும்போது, டாக்டர் சீட்டு இல்லாமலே சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கைமாறுகிறது. தியோஃபிலின் உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தடுக்கிறது. உடம்பில் மருந்து ஏறிக்கொண்டே போய் வாந்தி, தாறுமாறான துடிப்பு, சமயத்தில் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். சிப்ரோஃபிளாக்சசின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பது நீங்கள் அறிந்ததுதான்.

அப்புறம், ரத்தக்கொதிப்புக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும், துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள். “ஸ்டாக் இல்ல, நாலு நாள் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும்; இதய நோயாளிக்கு மாரடைப்பே வரலாம். பக்கத்துக் கடைக்குப் போன் போட்டாவது வாங்கிக் கொடுங்கள்.

“படபடப்புக்கு ஒரு மாத்திரை” என்று கேட்டு வருபவருக்கு மாத்திரை வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுவது எல்லாமே துடிப்பைக் கூட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று. நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உங்கள் பக்கமே தங்கிவிடுகின்றன. கவர் மேல் இரண்டையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அடுத்த கடையில் “என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் காட்ட எங்களிடம் அதுவாவது இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்