மோல்மேன் ஊரிலுள்ள தோழிக்கு

யாங்கோன்,
ஆனி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் தம்பி மகனிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதமும், முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா கட்டையும் வந்து சேர்ந்தன. ஊர்ச் செய்திகளை எழுதிய இரண்டு பக்கங்களையும் மகிழ்ச்சியோடு படித்தேன். கடைசியில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்த நான்கு வரிகள் என்னை உறங்கவிடவில்லை. மாசி மாதத்திலிருந்து வயிறு சரியில்லை, கஞ்சியும் ரசமும் தவிர வேறெதையும் தொடுவதில்லை, இரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "உனக்கு இருப்பதுதான் எனக்கும் வந்திருக்கிறது, நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது" என முடித்திருக்கிறாய். எழுதுகிறேன். அதற்கு முன்பு இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, உன் மகள் திருமணத்துக்கு நான் வராத காரணம். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன், அது உண்மையில்லை. அன்று விடியற்காலையில் பட்டுப்புடவை கட்டி, சீர்த்தட்டும் எடுத்துக்கொண்டு அவுங் மிங்கலா பேருந்து நிலையம் வரை வந்துவிட்டேன். பயணச்சீட்டு கையில் இருந்தது. பேருந்து புறப்பட கால் மணி நேரம் இருக்கும்போது அடிவயிற்றில் முறுக்கிப் பிடித்தது. அந்தக் கால் மணிக்குள் மூன்று முறை கழிப்பறைக்கு ஓடினேன். வழியில் நிறுத்துமாறு ஓட்டுநரிடம் எப்படிக் கேட்பது, எத்தனை முறை கேட்பது என்ற பயத்திலேயே வலி இன்னும் கூடியது. பேருந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாடகை வண்டி பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன். சென்ற ஆண்டு என் வயிற்றைப் பற்றி உனக்கு எழுதியபோதும் இதை மட்டும் மறைத்தேன். நீ என்னை மன்னிக்க வேண்டும்.

இரண்டாவதை நீ கட்டாயம் கேட்க வேண்டும். எனக்கு இருப்பதுதான் உனக்கும் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே. ஐபிஎஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் குடல் கோளாறுக்கு ஒரு வரையறை உண்டு. அறிகுறிகள் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது அந்த வலி தொடர்புடையதாக இருக்க வேண்டும். உனக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. நாம் இருவரும் 54 வயதைக் கடந்தவர்கள். ஐம்பதுக்கு மேல் புதிதாக இப்படித் தொடங்கினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, இரத்தசோகை இருந்தாலோ, இரவில் உறக்கத்தை எழுப்பும் அளவுக்கு வயிற்றோட்டம் இருந்தாலோ, பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்காமல் எவரும் ஐபிஎஸ் என்று சொல்லிவிட முடியாது. உன் எடை குறைந்தது பட்டினியாலா, வேறொன்றாலா என்பதை உன் கடிதத்தைக் கொண்டு நான் எப்படி அறிவேன்? கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்; அது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது. நிறுத்திய பிறகு செய்தால் அது சரியாகக் காட்டாமல் போகலாம், அதனால் நீ கஞ்சியிலேயே இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

என் கதை வேறு. 2016ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கெட்ட தண்ணீரால் ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் படுத்தேன். கிருமி போய்விட்டது, குடல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்படிப்பட்ட தொற்றுக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு தங்கிவிடுகிறதாம். முதலில் பார்த்த மருத்துவர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "எல்லாம் மனக்கவலை" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சொல் என்னை மூன்று ஆண்டுகள் வாய்மூட வைத்தது. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகளின் வழியே ஓயாத பேச்சு நடக்கிறது, பயம் வலியைப் பெருக்குகிறது என்பதெல்லாம் உண்மைதான்; ஆனால் வலி கற்பனையன்று. மற்றவர்களுக்கு உண்டாகும் அதே அளவு வாயு என் குடலை விரிக்கும்போது, அங்குள்ள நரம்புகள் அதையே வலியாக உணர்கின்றன.

இனி உணவுக்கு வருகிறேன். அரிசிச் சேமியாவில் மீன் குழம்பு ஊற்றித் தரும் மொஹிங்கா சாப்பிட்ட நாள்களில் எல்லாம் எனக்கு வயிறு உப்பி முறுக்கும் என்பதால், மீன்தான் ஆகவில்லை என்று எண்ணி மூன்று ஆண்டுகள் மீனையே விலக்கி வைத்திருந்தேன். பாவம், மீனின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்தக் குழம்பில் அரைத்துக் கொட்டும் வெங்காயமும் பூண்டும், கெட்டிப்படக் கரைத்து ஊற்றும் கடலை மாவும், மேலே நொறுக்கிப் போடும் பருப்பு வடையும்தான் காரணம். இவற்றில் உள்ள சிலவகை மாச்சத்துகளைச் சிறுகுடல் உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. மெல்பர்னிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய மாச்சத்துகளுக்கு ஃபாட்மேப் என்று பெயரிட்டு ஓர் உணவு முறையை வகுத்திருக்கிறார்கள். அதைத்தான் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த முறையில் பலர் தவறுவது எங்கே என்றால், விலக்குவதோடு நின்றுவிடுவதில்தான். நீயும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். விலக்கும் காலம் இரண்டு முதல் ஆறு வாரங்கள் மட்டுமே. அதன் பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்து, மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போய், உடல் சொல்வதை எழுதி வைக்க வேண்டும். நான் பேரனின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன். பூண்டு இரண்டு பல்: அன்றிரவே வலி. வெங்காயம் ஒரு கரண்டி வதக்கல்: மறுநாள் காலை வலி. நான்பியா என்ற கோதுமை ரொட்டி ஒன்று: தொல்லையில்லை, இரண்டு: உப்புசம். அதன்மேல் வைக்கும் அவித்த பட்டாணி: வேண்டவே வேண்டாம். சிவப்பு மைசூர்ப் பருப்பை நன்றாக வேகவைத்து, வெந்த நீரை இறுத்துவிட்டு ஒரு கரண்டி சாப்பிட்டால் தாங்குகிறது. தேநீர்க்கடையில் சுண்டிய பாலூற்றித் தரும் லப்பெயே ஒரு குவளை வரை சரி, இரண்டாவது ஆகாது. மாம்பழம் பாதி. உன் நோட்டு என்னுடையதைப் போல இருக்காது. அதனால்தான் என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்கிறேன்.

இப்போது வாரம் ஒரு முறை வீட்டிலேயே மொஹிங்கா செய்கிறேன். கடலை எண்ணெயைக் காயவைத்து, தட்டிய பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, ஒரு துண்டு விடாமல் அரித்து எடுத்துவிடுகிறேன். வலிதரும் சத்து எண்ணெயில் கரையாது. மணம் மட்டும் தங்கிவிடும். அந்த எண்ணெயைச் செய்த அன்றே பயன்படுத்திவிடு. வெளியில் வைத்திருந்தால் நச்சுக்கிருமி வளரும். பிறகு இஞ்சி, மஞ்சள், எலுமிச்சைப்புல், மீன். கெட்டிப்படுவதற்குக் கடலை மாவுக்குப் பதில் வறுத்த அரிசி மாவு. மேலே வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கித் தூவுகிறேன். அரிசிச் சேமியாவால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. என் மருமகள் வித்தியாசமே தெரியவில்லை என்கிறாள்; எனக்குத் தெரிகிறது, இருந்தாலும் வெந்த எலுமிச்சைப்புல்லின் மணத்தோடு அந்தக் கிண்ணத்தை மீண்டும் பயமின்றிக் கையிலெடுத்த காலையில் என் கண் கலங்கியது. நம் சாம்பார், ரசத்துக்கு வெங்காயம் பூண்டுக்குப் பதில் பெருங்காயம் இருக்கவே இருக்கிறது.

மலச்சிக்கல் பக்கம் திரும்பும் நாள்களில் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி ஒரு தேக்கரண்டி, நிறையத் தண்ணீரோடு. கோதுமைத் தவிடு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது எனக்குப் பொருமலைத்தான் கூட்டியது. பயத்துக்கு மருந்தாக எனக்குக் கிடைத்தது காலைநடைதான். மழை விட்டால் காளியம்மன் கோயில் வரை போய், தெய்ஞ்சி சந்தை வழியாகத் திரும்புகிறேன்.

உன்னை அங்குள்ள மருத்துவர் யாங்கோனுக்கு அனுப்பினால் தயங்காமல் வந்துவிடு. அனுப்பாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் வந்துவிடு. மாடியறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது. பரிசோதனைக்கு நான் கூடவே வருவேன். வழியில் எத்தனை முறை நிற்க வேண்டியிருந்தாலும் கேட்பதற்கு வசதியாக, உன் தம்பி மகனின் காரிலேயே வா. அவனிடம் நான் பேசிவிட்டேன். என்றைக்குப் புறப்படுகிறாய் என்பதை மட்டும் அவனிடம் சொல்லியனுப்பு. அதுவரை கஞ்சியோடு அவித்த முட்டையையும் மீனையும் சேர்த்துக்கொள்.

உன் அன்புத் தோழி