சண்டை நடக்கும் முன்பே சமாதானக் கூட்டம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
மேலத் தெரு, கீழத் தெருப் பெற்றோர்கள்

பெறுநர்:
உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்

பொருள்: மாலைப் பேருந்தில் இரு தெரு மாணவர்களிடையே தொடரும் தகராறு – அடிதடியாக முற்றும் முன் பேச்சுவார்த்தை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து மக்கள் குறைதீர் நாளில் நாங்கள் அளித்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. சென்ற முறை அடிதடி நடந்தபோது தாங்களே நேரில் வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று இரு தரப்பையும் சமாதானப்படுத்தினீர்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அதே நிறுத்தத்தில் மறுபடியும் புகைகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. பள்ளி விட்டு வர அந்த ஒரு பேருந்துதான். முன்படி ஒரு தெருப் பையன்களுக்கு, பின்படி இன்னொரு தெருவுக்கு என்று அவர்களாகவே பிரித்துக்கொண்டார்கள். மாறி ஏறினால் பை ஜன்னல் வழியாக வெளியே போகிறது. சீட்டின் முதுகில் ஒருவன் காம்பஸ் முனையால் தெருப் பெயரைக் கீறுகிறான், இன்னொருவன் அதை அடித்துவிட்டுத் தன் தெருப் பெயரைக் கீறுகிறான். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டதால், சட்டைக் கைக்குள் முழங்கைக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, பேருந்தில் ஏறியதும் மணிக்கட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். முன்பெல்லாம் நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்தித் திட்டுவார். இப்போது தகராறு என்றால் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் தாண்டிப் போய்த்தான் இறக்கிவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கண்ணாடி உடைந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆனால் அங்கிருந்து பெண் பிள்ளைகள் இருட்டில் நடந்து வருகிறார்கள்.

எங்களுக்குத் தாங்க முடியாதது இதுதான் ஐயா: பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை நிறுத்துகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் காலையில் வயிற்று வலி என்கிறான், மறுநாள் தலைவலி என்கிறான். என்ன நடந்தது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. நன்றாகப் படிக்கிற பெண்ணை "கொஞ்ச நாள் வீட்டில் இரு" என்று நிறுத்தினால், அந்தக் கொஞ்ச நாள் எங்கே போய் முடியும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான். இரண்டு தெருவிலும் இதே கதை. அதனால்தான் இரண்டு தெருப் பெற்றோரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாடே பார்த்தது. உடன் படித்தவர்களின் சாதித் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்தார் ஒரு மாணவர். பள்ளியில் புகார் சொன்ன பிறகு வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சரி, கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள். கயிற்றுக்குள் இருப்பதைக் கழற்ற யார் வருவார்கள்? ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்பதே முதல் எச்சரிக்கை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலே யார் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

3. அமைதி குலையக்கூடும் என்ற தகவல் கிடைத்தாலே நடவடிக்கை எடுக்கத் தங்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 என்றார்கள், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) அது 126-ஆவது பிரிவு. ஆனால் எங்கள் அனுபவத்தில் இரு தரப்பிலும் எண்ணிக்கைக்கு ஆள் பிடித்து வழக்குப் போடுவதோடு அது முடிந்துவிடுகிறது. தூண்டிவிட்டவன் வீட்டில் இருப்பான், வேடிக்கை பார்த்தவன் கல்லூரியை விட்டுவிட்டுத் தங்கள் அலுவலக வாசலில் நிற்பான். பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம், அதற்குள் கோபம் அடங்கிவிடுமா?

4. கூட்டம் என்றால் வழக்கமான ஆட்களை அழைத்து, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்புவது வேண்டாம். முன்வரிசையில் உட்காரும் பெரியவர்களில் ஒருவர்கூட அந்தப் பேருந்தில் போவதில்லை. பையன்கள் வரட்டும், அவர்களுடைய அம்மாக்கள் வரட்டும், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, நடத்துநர், காவல் உதவி ஆய்வாளர் எல்லோரும் வரட்டும். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள், அப்புறம் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரு நாளோடு விடாமல் மாதம் ஒருமுறை நடத்துங்கள். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: நாங்கள் கட்டப்பஞ்சாயத்து கேட்கவில்லை. யாராவது அடிபட்டால் வழக்கு வழக்குதான், அதைப் பேசி முடிக்கச் சொல்லவே மாட்டோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி தங்கள் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய கோட்ட அளவிலான குழுவிலும் எங்கள் ஊரைப் பற்றிப் பேச வேண்டும்.

5. மாலைப் பேருந்தில் ஒரு காவலர். இப்போதைக்கு அது போதும்.

6. தெரியாமல்தான் கேட்கிறோம் ஐயா, ஆள் விழுந்தால்தான் ஜீப் வருமா? அன்றைக்கு ஆம்புலன்ஸ் வரும், அதிகாரிகள் எல்லோரும் வருவார்கள், ஊருக்குள் வாரக்கணக்கில் காவல் போடுவார்கள். அதில் ஒரு மாலைப் பொழுதை இப்போதே கொடுங்கள் என்றுதான் மனு மேல் மனுவாக எழுதுகிறோம். "மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெற்ற வயிறு பதறுகிறது, அதனால் வார்த்தை சற்றுத் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன் முதல் கூட்டத்துக்கு நாள் குறித்து, அதை எழுத்துமூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு மீண்டும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இடம் பள்ளியிலேயே இருக்கட்டும். எந்தத் தெருவில் நடத்தினாலும் மற்றத் தெரு வராது.

இப்படிக்கு,
இரு தெருப் பெற்றோர்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்
நகல்: காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்