272 வரையாடுகள் கூடிவிட்டனவா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘ஒரே ஆண்டில் 272 வரையாடுகள் அதிகரிப்பு’ என்ற உங்கள் தலைப்பு என்னை மிகவும் வருத்தியது. தமிழ்நாட்டு வனத்துறையின் கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303. கழித்தால் 272 வருகிறது, சரி. ஆனால் முதல் முறை மூன்று நாள் எண்ணினார்கள், அடுத்த முறை நான்கு நாள். போன இடங்களும் கூடுதல். முன்பு யாரும் போகாத சரிவில் ஒரு மந்தையைப் பார்த்தால் அது புதிதாகப் பிறந்த மந்தை ஆகாது. வரையாடு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், அதிலும் எல்லாம் பிழைப்பதில்லை. நீங்கள் அறியாததல்ல.

வால்பாறைப் பக்கம் வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை பார்த்தவன் நான். அக்காமலைப் புல்வெளியில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே பாறையில் நிற்கும் கடாகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு குழுவினர் ஒரே வழியில் சற்று இடைவெளி விட்டுப் போகிறார்கள். இருவர் பார்த்ததையும் ஒப்பிட்டு, கண்ணில் படாமல் தப்பியவை எத்தனை இருக்கும் என்று கணிக்கிறார்கள். இத்தனை பாடுபட்டு எடுத்த கணக்கை, போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். காட்டில் நடந்த காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எப்போதும் இருப்பதில்லை.

மலைப் புல்வெளியில் மரக்கன்று நட்டவர்களைப் பாராட்டி நீங்கள் படத்தோடு போட்ட செய்தியும் நினைவிருக்கிறது. சீகை (வாட்டில்), பைன் போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏறி மூடிய புல்வெளியில் வரையாட்டுக்கு மேய்ச்சல் ஏது? அப்போதும் எழுதினேன், பிரசுரிக்கவில்லை. 1975இலேயே இந்த விலங்கைத் தேடி ஆய்வு செய்த டேவிதார் நினைவாக அரசு அக்டோபர் 7ஐ வரையாடு தினமாக்கியது. அன்றைக்கும் உங்கள் பக்கங்களில் தேடிப் பார்த்து ஏமாந்தேன்.

எண்ணிக்கை பெருகிவிட்டது என்று மக்கள் நம்பிவிட்டால், புல்வெளியை மீட்க இவ்வளவு செலவு எதற்கு என்றுதான் அடுத்து கேட்பார்கள். முக்குர்த்தியிலும் ஆனைமலையிலும் பெரிய கூட்டங்கள் இருப்பதால் மொத்தக் கணக்கு நன்றாகத் தெரிகிறது. தனித்தனிக் குன்றுகளில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு கூட்டங்கள் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகின்றன. காப்பாற்ற வேண்டியவை முதலில் அவைதான்.

அடுத்த கணக்கெடுப்புச் செய்தியில் எத்தனை நாள், எத்தனை இடம், ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் எத்தனை என்று ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வால்பாறை